கரிசல் பஞ்சும் பம்பாய்க் கோட்டையும்

புதன், பாளையங்கோட்டை

மும்பையின் கோட்டைப் பகுதியைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஒருவர் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறுகிறார் என்று சொன்னால் எங்கள் தெருவில் நம்புவாரில்லை. மும்பை என்றால் தாராவியிலோ மாதுங்காவிலோ உறவினர் வீட்டு விசேஷம் இருக்க வேண்டும், அல்லது பிள்ளைக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். "ஷேர் மார்க்கெட்டப் பாக்கவா போறீய? அத இங்கன இருந்தே போன்ல பாக்கலாம்லா?" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். வணிகவியல் பாடம் நடத்துகிறவன் நான்; பங்குச் சந்தையைப் பற்றிக் கரும்பலகையில் எழுதித் தள்ளியிருக்கிறேனே தவிர, அது இருக்கும் தெருவில் ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக மனத்தில் கிடந்தது.

பங்குகள் நெல்லைச் சீமைக்கு அந்நியமான சரக்கும் அல்ல. தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லை நம்பி 1946-இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் பழைய பங்குப் பத்திரங்கள், நிலப் பட்டாவோடும் ஜாதகக் கட்டோடும் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த வீடுகளை நான் அறிவேன். அந்த நிறுவனம் இப்போது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அல்ட்ராடெக் வசம் இருக்கிறது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகப் பிறந்து 1962-இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, நூறாண்டைக் கடந்த பிறகு, 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறியது.

என்னோடு வருபவர் சித்தப்பா. கோவில்பட்டியில், பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் ஒரு ஜின்னிங் பாக்டரியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பஞ்சு வியாபாரத்தில் விலை இன்றும் கண்டிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. ஒரு கண்டி என்பது 356 கிலோ. ஒவ்வொரு நாளும் காலையில் பம்பாயிலிருந்து போனில் வரும் விலையை எழுதி வைத்த பிறகுதான் அவர்கள் பாக்டரியில் மற்ற பேச்சு தொடங்குமாம். "அந்த ரேட்டு பொறந்த எடத்த ஒருக்கப் பாத்துருவோம்டே" என்று அவராகவே கிளம்பிவிட்டார்.

வியாழன் இரவு, மும்பை

ரயில் பயணத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரை சோலாப்பூர் வரை தாக்குப் பிடித்தது.

நாகர்கோவிலிலிருந்து நெல்லை வழியாக வரும் வண்டி வந்து நிற்பது சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில். நம் ஊர்க்காரர்கள் பலர் இந்த நிலையத்தில் இறங்கியதும் மூட்டைகளை எண்ணிக்கொண்டு டாக்ஸியைத் தேடி ஓடுவதோடு சரி. வெளியே வந்து சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று திரும்பிப் பார்ப்பவர் குறைவு. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்த திட்டப்படி 1878-இல் தொடங்கி பத்தாண்டுகள் கட்டிய கட்டடம் இது. கும்மட்டத்தின் உச்சியில் 'முன்னேற்றம்' என்னும் பெயருடைய பெண் சிலை நிற்கிறது. வாயில் தூண்களில் ஒன்றின்மேல் பிரிட்டனைக் குறிக்கும் சிங்கமும், மற்றொன்றின்மேல் இந்தியாவைக் குறிக்கும் புலியும் அமர்ந்திருக்கின்றன. அணிலும் மயிலும் இலைக்கொத்துமாகச் செதுக்கிய சிற்ப வேலைகளில் ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கைவண்ணம் பெரும்பங்கு. யுனெஸ்கோ இதை 2004-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இரவு விளக்கொளியில் பார்த்தால் ரயில் நிலையம் என்றே தோன்றாது. எதிரே இருக்கும் மாநகராட்சிக் கட்டடமும் அதே ஸ்டீவன்ஸின் வேலைதான்.

இந்த நிலையத்திலிருந்து தெற்கே விரியும் பகுதிதான் கோட்டை. ஆனால் கோட்டை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மதில்களை 1860-களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரியர் காலத்தில் இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தம்பி, அதாவது சித்தப்பாவின் மகன், வந்து எங்களைத் தாராவிக்கு அழைத்துச் சென்றான்.

வெள்ளி, தலால் தெரு

தாராவியிலிருந்து நிலத்தடி மெட்ரோவில் ஹுதாத்மா சௌக் நிலையம் வரை நேராக வந்துவிடலாம். படியேறி மேலே வந்தால் 1864-ஆம் ஆண்டின் ஃப்ளோரா நீரூற்று நிற்கிறது. அதன் பக்கத்தில், தனி மகாராஷ்டிர மாநிலத்துக்கான போராட்டத்தில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். அங்கிருந்து தலால் தெரு சில நிமிட நடை.

தெருவைப் பார்த்ததும் சித்தப்பா, "இம்புட்டுத்தானா?" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. நாட்டின் பணப் போக்குக்கு அடையாளமாகிவிட்ட பெயர், திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் பாதி அகலம்கூட இல்லாத ஒரு சந்துக்கு உரியது. போலீஸ் தடுப்புகளுக்குப் பின்னால் 29 மாடிகளுடன் பங்குச் சந்தையின் பிரோஸ் ஜீஜீபாய் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முகப்பில் பங்கு விலைகள் எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. வளாகத்தில் ஒரு வெண்கலக் காளை இருக்கிறது. நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. 1993 மார்ச் 12-ஆம் நாள் நகரை உலுக்கிய தொடர் குண்டுவெடிப்புகளில் முதலாவது இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் நிகழ்ந்தது என்பதை நினைத்தால் அந்தக் கெடுபிடியைக் குறை சொல்லத் தோன்றாது.

உள்ளே போக முடிந்தாலும் பார்க்க அதிகம் இராது. தரகர்கள் நெருக்கியடித்துக்கொண்டு, குரல் கொடுத்தும் கைவிரல்களால் சைகை காட்டியும் வாங்கி விற்ற களம், 1995-இல் கணினி வழி வணிகம் வந்ததும் ஓய்ந்துவிட்டது. 1986-இல் தொடங்கிய சென்செக்ஸ் குறியீடு 30 நிறுவனங்களைக் கொண்டது. 1978-79-ஆம் ஆண்டை 100 என்று வைத்து அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். இதை என் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த எண் என் தலைக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக ஓடும்போது, கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் தேநீர்க் குவளையோடு நின்ற குமாஸ்தாக்களில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அவரவர் கையில் அவரவர் போன். எதிர்வீட்டு அண்ணாச்சி சொன்னது சரி.

ஆகவே கோட்டைக்கு வருகிறவர்கள் தலால் தெருவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும் என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது இந்தத் தெருவின் தோற்றுவாயை. அது கிழக்கே சற்றுத் தள்ளி, டவுன் ஹாலின் முன்னே இருக்கிறது. 1850-களில் குஜராத்தி, பார்சித் தரகர்கள் சிலர் அந்தக் கட்டடத்துக்கு எதிரே ஆலமர நிழலில் கூடிப் பங்குகளைக் கைமாற்றினார்கள். கூட்டம் பெருகப் பெருக நிழல் தேடி இடம் மாறினார்கள். 1874-இல் தலால் தெருவில் நிலைகொண்டு, மறு ஆண்டு சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். ஆசியாவின் மிகப் பழைய பங்குச் சந்தை அதுவே.

டவுன் ஹாலுக்கு முன்னால் இருக்கும் வட்டப் பூங்காவுக்கு இப்போது ஹார்னிமன் வட்டம் என்று பெயர். ஒரு காலத்தில் இது பம்பாய் கிரீன் எனப்பட்ட வெட்டவெளி. ஏற்றுமதிக்கு வந்த பஞ்சுப் பொதிகள் இங்கேதான் அடுக்கிக் கிடந்தன. இதைச் சொன்னதும் சித்தப்பாவின் நடை மாறிவிட்டது. பூங்காவின் இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டு, எந்த மூலையில் பொதி இறக்கியிருப்பார்கள், மழை வந்தால் எதைப் போட்டு மூடியிருப்பார்கள், துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாக வண்டி போயிருக்கும் என்று பாக்டரியில் ஸ்டாக் எடுக்கிற தோரணையில் கேட்டுக்கொண்டே வந்தார். "கரிசப் பஞ்சு இங்க வந்துருக்குமாடே?" என்று கேட்டார். நம் பஞ்சு பெரும்பாலும் தூத்துக்குடியில்தான் கப்பலேறியது. 'தின்னவேலி' என்ற பெயரிலேயே லிவர்பூல் சந்தையில் அது தனி ரகமாக விலை போனது. இரண்டு துறைமுகங்களும் அனுப்பிய பொதி போய்ச் சேர்ந்த ஆலைகள் ஒன்றுதான் என்று சொன்னேன்.

அந்த ஆலைகள்தாம் இந்தப் பகுதியைக் கட்டின என்று சொன்னால் மிகையாகாது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, வட மாநிலங்கள் தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டு அடைத்தன. இங்கிலாந்தின் நெசவாலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனது. பஞ்சுக்கு இந்தியாவை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை வந்ததும், விலை ஏறி, பம்பாய்க்குள் பணம் வெள்ளமாகப் புகுந்தது. வந்த பணத்துக்கு வேலை வேண்டுமே. புதுப்புது வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலம் ஆக்கும் கம்பெனிகளும் முளைத்தன. பேக் பே என்னும் கடற்பகுதியைத் தூர்க்கப் போவதாகச் சொன்ன கம்பெனியின் பங்கு, ஒரு கூடை மண் கொட்டுவதற்கு முன்பே, முகமதிப்பைப் போலப் பல மடங்குக்கு விலைபோனது. தரகர்களின் தலைவராக இருந்த பிரேம்சந்த் ராய்சந்த் ஆட்டுவித்தபடி சந்தை ஆடியது. 1865-இல் போர் முடிந்தது, அமெரிக்கப் பஞ்சு திரும்பியது, விலை விழுந்தது. பங்குகளை ஈடாக வைத்துக் கடன் கொடுத்திருந்த பம்பாய் வங்கி 1868-இல் மூடப்பட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. பிரேம்சந்தும் எல்லாவற்றையும் இழந்து, பிறகு மெல்ல மீண்டார்.

விசித்திரம் என்னவென்றால், அந்தக் காகிதப் பங்குகளில் பெரும்பாலானவை மறைந்துவிட, அதே காலத்தில் போட்ட திட்டங்களின் கல் கட்டடங்கள் நின்றுவிட்டன. இந்த வட்டமும் அவற்றில் ஒன்று. 1872 வாக்கில் முடிந்த இதன் வளைந்த கட்டட வரிசையைச் சுற்றிக் கீழே நிழல் நடைபாதை ஓடுகிறது. ஒவ்வொரு வளைவின் உச்சிக் கல்லிலும் ஒரு முகம் செதுக்கியிருக்கிறார்கள். தாடி வைத்தவர், முறைப்பவர், சலித்துக்கொண்டவர் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தோம், கழுத்து வலித்தது. வட்டத்துக்குப் பெயர் தந்த பெஞ்சமின் ஹார்னிமன், பாம்பே கிரானிக்கிள் நாளிதழின் ஆசிரியர். ஆங்கிலேயராக இருந்தும் ஜாலியன்வாலாபாக் காலத்து அடக்குமுறையை எதிர்த்து எழுதியதால் 1919-இல் நாடு கடத்தப்பட்டவர். பக்கத்திலேயே 1822-இல் தொடங்கி இன்றும் வெளிவரும் மும்பை சமாசார் பத்திரிகையின் சிவப்புக் கட்டடமும், 1718-இல் திறந்த புனித தோமையார் பேராலயமும் இருக்கின்றன. மதிலில் இந்த ஆலயத்துக்கு நேராக இருந்த வாயிலின் பெயர்தான் இன்றைய சர்ச்கேட் ரயில் நிலையத்துக்கு.

டவுன் ஹால் 1833-இல் முடிந்தது. உயர்ந்த டோரிக் தூண்களும் முப்பது படிகளும் கொண்ட இந்தக் கட்டடத்தில் ஆசியாட்டிக் சொசைட்டியின் நூலகம் இயங்குகிறது; இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்துக்குப் பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய கையெழுத்துப் படி ஒன்றும் அவர்கள் வசம் உண்டு. படிகளில் கல்லூரிப் பிள்ளைகள் வடாபாவ் தின்றபடி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். கோட்டைப் பகுதியில் உட்காருவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்கு அகப்படவில்லை.

சனி, நாணயங்களும் மணிக்கூண்டும்

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி கல்கத்தாவில் தொடங்கி, 1937-இல் இங்கே குடிபெயர்ந்தது. அதன் வெள்ளைக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, பி.எம். சாலையில் அமர் பில்டிங்கில் உள்ள அவ்வங்கியின் நாணய அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். 2004 நவம்பரில் இதைத் திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். அச்சுக் குத்திய பழங்கால வெள்ளிக் காசு தொடங்கி, அரசர் காலத்து நாணயங்கள், பிரிட்டிஷ் இந்தியாவின் காகிதப் பணம், பழைய உண்டியல் சீட்டுகள் வரை வரிசையாக வைத்திருக்கிறார்கள். உண்டியல் சீட்டு என்பது ஓரூரில் பணம் கட்டி வேற்றூரில் பெற்றுக்கொள்ள வணிகர்கள் எழுதிக்கொண்ட தாள். வங்கிக் கிளை என்ற ஒன்று எட்டிப் பார்க்காத காலத்தில், பருத்திக்கும் மிளகாய்க்கும் உரிய பணம் கைக்காசாகப் பயணம் செய்யாமல் இப்படித் தாளாகவே நடந்திருக்கிறது. மும்பையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று என் மாணவர் யாராவது கேட்டால், தலால் தெருவை விட்டுவிட்டு இங்கே போகச் சொல்வேன்.

வெளியே வந்து, 1829-ஆம் ஆண்டின் நாணயச் சாலையைத் தேடிப் போனோம். ரிசர்வ் வங்கிக்கு எதிரே இருக்கிறது. அதையும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஆனால் அதன் சரக்கு எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறதே. சித்தப்பாவிடம் இருந்த சில்லறையை வாங்கி, ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு காசாகக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். சிறு டைமன் வடிவம் இருந்தால் அந்தக் காசு இந்த மதிலுக்குள் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. நெல்லையில் பஸ்ஸுக்காக மாற்றிக்கொண்டு வந்த ஐந்து ரூபாய் ஒன்றில் டைமன் இருந்தது. அதைத் தனியாக வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார்.

மாலையில் மேற்கே நடந்து ஓவல் மைதானத்துக்கு வந்தோம். இந்த மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க விக்டோரியா காலத்துக் கோதிக் கட்டடங்கள்; எதிர்ப்பக்கம் முழுக்க, கடலைத் தூர்த்த நிலத்தில் 1930-களில் எழுந்த ஆர்ட் டெகோ குடியிருப்புகள். நடுவே கிரிக்கெட். இந்த இரட்டைத் தொகுதிக்காகத்தான் 2018-இல் மும்பைக்கு இன்னோர் உலக மரபுத் தகுதி கிடைத்தது. கோதிக் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே எழுவது பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டு. 85 மீட்டர் உயரம். நேற்று நான் எழுதிய அதே பிரேம்சந்த் ராய்சந்த், தம் தாயார் ராஜாபாயின் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டுப் பணம் கொடுத்துக் கட்டுவித்தது. 1869-இல் அடிக்கல் நாட்டி 1878-இல் முடித்தார்கள். வரைபடம் போட்ட ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கண் பார்வையற்ற அந்தத் தாயார், சமண நெறிப்படி பொழுது சாயுமுன் உண்டு முடிக்க மணியோசை உதவியதாகக் கதை சொல்கிறார்கள். கதையாகவே இருந்தாலும் நல்ல கதை.

எனக்கு இதில் வேறொன்று பிடித்திருந்தது. கோடிக்கணக்கில் ஏறி இறங்கிய ஒரு தரகரின் கணக்கில், இன்றைக்கும் நிலுவையில் காட்டக்கூடிய சொத்து இந்த மணிக்கூண்டு ஒன்றுதான் என்று தோன்றுகிறது. சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த மனுசன் தொடங்குன சங்கந்தான அங்க இருவத்தொம்பது மாடி நிக்கி" என்றார். சரிதான்.

ஞாயிறு, பல்லார்ட் எஸ்டேட்

ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பகுதி ஓய்ந்து கிடக்கும். பல்லார்ட் எஸ்டேட்டை நிதானமாகப் பார்க்க இதுவே நாள். துறைமுகம் வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டி, 1914 வரையான சில ஆண்டுகளில் துறைமுகக் கழகம் உருவாக்கிய பகுதி இது. ஜார்ஜ் விட்டெட் வகுத்த ஒழுங்குப்படி கட்டடங்கள் யாவும் ஒரே உயரம், ஒரே சாயல். மரம் அடர்ந்த நேர்ச்சாலைகள். கப்பல் கம்பெனிகளின் வட்டாரம். தம்பி இங்கே ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறான். தினமும் வருகிற இடமாதலால் எங்களை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஈரானி ஹோட்டல் திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

சிந்தியா ஹவுஸ் என்ற கட்டடத்தின் முன்னே நான் நெடுநேரம் நின்றேன். இந்தியர்களின் முதலீட்டில் உருவான சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் 'லாயல்டி' என்னும் கப்பல் 1919 ஏப்ரல் 5-ஆம் நாள் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் ஒருவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். கப்பல் வாங்க இதே பம்பாய்க்கு வந்தபோது, திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து மடிவேன் என்று வ.உ.சி. சொல்லிவிட்டு வந்ததை நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அரசு 1908-இல் அவரைச் சிறையில் தள்ளியது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இரண்டு கம்பெனிகளுக்கும் நோக்கம் ஒன்றே. பம்பாய்க் கம்பெனிக்குப் பின்னால் ஆலை முதலாளிகளும் வங்கிகளும் அரை நூற்றாண்டாகப் பங்கு வாங்கி விற்றுப் பழகிய ஒரு நகரமும் இருந்தன. வ.உ.சி.க்குப் பின்னால் 25 ரூபாய்ப் பங்கை வாங்கிய சிறு வணிகர்கள் இருந்தார்கள். அவரே சிறைக்குப் போனபின் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. வீரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. அந்தக் கம்பெனியின் முதலைப் பற்றி இன்னும் பேச இருக்கிறது என்றே நினைக்கிறேன். வகுப்பில் இனி கூட்டுப் பங்கு நிறுவனம் நடத்தும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நடத்த வேண்டும்.

கேட்வே ஆஃப் இந்தியா, தாஜ் ஹோட்டல், காலா கோடாவின் ஓவியக் கூடங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். பார்த்தோம், அவற்றைப் பற்றி எழுதாதவர் யாருமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். தம்பி கண்டுபிடித்த ஈரானிக் கடையில் வெண்ணெய் தடவிய பன்னும் கெட்டித் தேநீரும் கிடைத்தன. பன்னைத் தேநீரில் முக்கித் தின்னுவது சித்தப்பாவுக்கு உடனே பழகிவிட்டது.

மும்பைக்கு வரும் நெல்லைக்காரர்கள் ஊருக்கு வண்டியேறும் நாளில் அரைநாள் முன்னதாக முனையத்துக்கு வந்து, பெட்டிகளை அங்குள்ள பாதுகாப்பறையில் போட்டுவிட்டு நடந்தால், ஹார்னிமன் வட்டமும் டவுன் ஹாலும் நாணய அருங்காட்சியகமும் தாராளமாக முடியும். திங்கட்கிழமையிலும் வங்கி விடுமுறைகளிலும் அருங்காட்சியகம் இராது. தலால் தெருவின் பரபரப்பைப் பார்க்க வேலை நாள் வேண்டும். கட்டடங்களைப் பார்க்க ஞாயிறு. வெயிலுக்குக் குடையும், அண்ணாந்து பார்க்க நல்ல கழுத்தும் கொண்டு வாருங்கள்.